இரும்பின் காந்தமும் மீக்கடத்தலும்

இரும்பும் காந்தமும் பிரிக்கலாகாத உறவுடையன. ஒருவர் மனம் தன்னையறியாது மற்றொருவர்பாற் சென்று பற்றுதலைக் "காந்தம் கண்ட இரும்பு போல" என்று நம் மக்கள் இன்றும் வழங்குகின்றனர். கொல்லன் உலைக்களம் முதலாகக் கப்பலோட்டியின் திசையறி கருவி ஈறாக, இரும்பின் பயன்களையும் அதன் காந்தத் தன்மையையும் உலகம் நெடுங்காலமாக அறிந்துள்ளது. இத்துணைப் பழகிய பொருளிடத்து இனி அறியத்தக்க புதுமை யாதுளது என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும் 2008-ஆம் ஆண்டில் இவ்விரும்பே பௌதிக நூலாரைப் பெருவியப்பில் ஆழ்த்தியது. மின்சாரத்தைச் சிறிதும் தடையின்றிச் செலுத்தும் மீக்கடத்திகளுள் இரும்புக்கு இடமில்லை என்று அவர்கள் பல்லாண்டுகளாகக் கொண்டிருந்த எண்ணத்தை அது பொய்யாக்கிற்று. அயற்பொருள் சிறிதளவு கலத்தலால் இரும்பின் காந்தம் எங்ஙனம் மாறுகின்றது, அம்மாற்றத்தினூடே மீக்கடத்தல் எங்ஙனம் தோன்றுகின்றது, காந்தம் மீக்கடத்தலுக்குப் பகையோ துணையோ என்னும் இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் மீக்கடத்தல் என்பது யாதெனக் காண்பாம். செம்புக் கம்பியின் வழியே மின்சாரம் செல்லுங்கால் கம்பி சூடேறுதலை யாவரும் அறிவர். ஓடுகின்ற எலெக்ட்ரான்கள் கம்பியிலுள்ள அணுக்களின் அசைவாலும், அணுக்களின் அணிவகுப்பிலுள்ள குறைகளாலும் இடறுண்டு, தம் சக்தியில் ஒரு பகுதியை வெப்பமாக இழக்கின்றன. இவ்விடறலே மின்தடை எனப்படும். 1911-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரிற் காமர்லிங் ஓனஸ் என்னும் பேராசிரியர், பாதரசத்தைத் திரவ ஹீலியத்தாற் குளிர்வித்து அதன் மின்தடையை அளந்து வந்தனர். ஏறக்குறைய 4.2 கெல்வின் அளவில் அத்தடை திடீரென மறைந்தது. கெல்வின் என்பது வெப்பநிலையை அளக்கும் ஓர் அளவை. அதன் 0 என்னும் புள்ளி, நீர் உறையும் நிலைக்கு ஏறக்குறைய 273 பாகை கீழே உள்ளது. அதனினும் தாழ்ந்த குளிர்ச்சி இயற்கையில் இல்லை. பாதரசத்தைப் போலவே ஈயம், வெள்ளீயம் முதலிய உலோகங்களும் இவ்வியல்பு உடையன என்பது அடுத்துக் காணப்பட்டது.

1933-ஆம் ஆண்டில் மைஸ்னர், ஓக்ஸன்பெல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் மற்றோர் இயல்பைக் கண்டனர். மீக்கடத்தும் நிலையை எய்திய பொருள், தன்னூடே செல்லும் காந்தப் புலத்தை வெளியே தள்ளிவிடுகின்றது என்பதே அது. அப்புலம் ஓரளவுக்கு மேல் வலிமை பெறுமாயின், மீக்கடத்தலே அழிந்தொழியும். எனவே, மீக்கடத்தலும் காந்தமும் ஓரிடத்து வாழா என்னும் கருத்துத் தொடக்கத்திலேயே வேரூன்றிற்று.

இக்கருத்துக்குத் தக்க காரணமும் பின்னர்க் கிடைத்தது. 1957-ஆம் ஆண்டில் பார்டீன், கூப்பர், ஷ்ரீபர் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் மீக்கடத்தலின் மூலத்தை விளக்கினர். ஒவ்வோர் எலெக்ட்ரானும் தற்சுழற்சி என்னும் இயல்புடையது. அதனால் அது நுண்ணியதொரு காந்த ஊசியை ஒக்கும். மிக்க குளிர்ச்சியில், தற்சுழற்சியால் எதிரெதிரான எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைகின்றன. அவ்விணைகள் யாவும் ஒருமித்து ஒழுகுதலின், தனித்தனியே இடறி விழுதல் ஒழிகின்றது. இரண்டையும் பிணைக்கும் பசை, அணுக்களின் அணிவகுப்பில் எழும் அதிர்வேயாம். இவ்விணைகளின் நடுவே காந்தமுடைய அணுவொன்று புகுமாயின் என்னாகும்? எதிரெதிர்த் தற்சுழற்சியுடைய இரண்டையும் அஃது ஒரே வகையாக நடத்தாது. எனவே இணை முறியும். 1958-ஆம் ஆண்டில் மத்தியாஸ் என்பாரும் அவருடன் உழைத்தோரும் லாந்தனம் என்னும் உலோகத்தில் காந்தமிக்க காடோலினியத்தை நூற்றுக்கு ஒரு பங்கு அளவிற் கலந்தபோது, மீக்கடத்தல் ஏறக்குறைய முற்றும் அழிந்தமை கண்டனர். 2001-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் தூய இரும்பையே மீக்கடத்தச் செய்தனர் என்பது உண்மை. ஆனால் அதன்பொருட்டு, வளிமண்டலத்தின் அழுத்தத்தைப் போல் ஒரு லட்சத்து ஐம்பதினாயிரம் மடங்குக்கு மேல் அதனை அழுத்த வேண்டியிருந்தது. அவ்வழுத்தத்தில் இரும்பு தன் வழக்கமான காந்தத்தை முன்னரே இழந்துவிட்டிருந்தது. இரும்பை விலக்குக என்னும் பழைய விதியை இச்சோதனையும் வலியுறுத்துவது போலவே தோன்றிற்று.

நிற்க. 1986-ஆம் ஆண்டில் ஸுவிட்ஸர்லாந்து தேசத்திற் பெட்நார்ஸ், முல்லர் என்னும் இருவர், செம்பும் பிராணவாயுவும் கலந்த மட்பாண்டம் போன்றதொரு பொருள் ஏறக்குறைய 30 கெல்வினில் மீக்கடத்துவதைக் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே இவ்வகைப் பொருளொன்றில் அவ்வெல்லை 90 கெல்வினையும் கடந்தது. இப்பொருள்கள் கலப்புறாத நிலையில் மின்சாரத்தைக் கடத்தா. அன்றியும் ஒருவகைக் காந்த ஒழுங்கை உடையன. காந்தத்தின் அண்டையிலேயே உயர்ந்த மீக்கடத்தல் குடியிருத்தல் தற்செயலோ, உட்காரணம் உடையதோ என்னும் வினா அன்று எழுந்தது. செம்புச் சேர்மங்கள் மட்டுமே சான்றாக நின்றமையின் அவ்வினாவுக்கு விடை காண்டல் அரிதாயிற்று. மற்றொரு சான்று வேண்டியிருந்தது. அதனை இரும்பு அளித்தது.

டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடேயோ ஹோசோனோ என்பாரின் குழுவினர், 2006-ஆம் ஆண்டில் லாந்தனம், இரும்பு, பாஸ்பரஸ், பிராணவாயு என்னும் நான்கும் கூடிய சேர்மமொன்று ஏறக்குறைய 4 கெல்வினில் மீக்கடத்துதலைக் கண்டனர். எல்லை மிகத் தாழ்ந்ததாதலின் உலகம் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. பாஸ்பரஸின் இடத்தில் ஆர்ஸெனிக்கை அமைத்து, பிராணவாயுவில் ஒரு சிறு பகுதியை நீக்கிப் புளோரினைப் புகுத்தியபோது, 2008-ஆம் ஆண்டில் அவ்வெல்லை 26 கெல்வினுக்கு உயர்ந்தது. அதே ஆண்டில் லாந்தனத்தின் இடத்திற் சமேரியத்தை அமைத்துச் சீன அறிஞர்கள் அதனை 55 கெல்வின் வரை உயர்த்தினர். ஒரு சில திங்களுக்குள் நிகழ்ந்த இவ்வேற்றம் உலகெங்கணும் உள்ள ஆராய்ச்சிச் சாலைகளை இரும்பின்பாற் திருப்பியது.

இச்சேர்மங்களின் அமைப்பு அடுக்கடுக்கானது. இரும்பணுக்கள் ஒரு தளத்திற் சதுரங்கப் பலகையின் கட்டங்கள் போல் ஒழுங்குற அமைந்திருக்கும். அத்தளத்தின் மேலும் கீழும் ஆர்ஸெனிக் அணுக்கள் மாறிமாறி நிற்கும். இவ்விரும்புத் தளம் ஒன்றற்கும் மற்றொன்றற்கும் இடையே லாந்தனமும் பிராணவாயுவுமேனும், பேரியம் போன்ற உலோகமேனும் தாங்கு தளமாக அமைந்திருக்கும். மின்சாரம் ஓடுவதும், காந்தம் பிறப்பதும், மீக்கடத்தல் நிகழ்வதும் இரும்புத் தளத்திலேயாம்.

கலப்புறாத சேர்மம் மீக்கடத்துவதில்லை. அதனைக் குளிர்விக்குங்கால் வேறொன்று நிகழ்கின்றது. லாந்தனச் சேர்மத்தில் ஏறக்குறைய 155 கெல்வினிற் சதுரக் கட்டங்கள் சிறிது கோணி, ஒரு திசையில் நீண்டும் மற்றொரு திசையிற் குறுகியும் போகின்றன. பின்னர் 137 கெல்வின் அளவில் இரும்பணுக்களின் காந்தங்கள் ஓர் ஒழுங்கில் நிலைபெறுகின்றன. ஒரு வரிசையிலுள்ளன யாவும் ஒரு திசை நோக்க, அடுத்த வரிசையிலுள்ளன யாவும் எதிர்த்திசை நோக்கும். இருநிறக் கோடு மாறிமாறி வரும் சேலையை இவ்வொழுங்குக்கு உவமையாகக் கூறலாம். ஒன்றன் வலிமையை மற்றொன்று ஈடுசெய்தலின், இப்பொருளின் துண்டொன்று நாம் வழங்கும் காந்தத்தைப் போல ஊசியை இழுப்பதில்லை. உள்ளே காந்தம் உண்டு. புறத்தே அதன் அறிகுறி இல்லை.

அங்ஙனமாயின் இதனை அறிந்தது எவ்வாறு எனின், நியூட்ரான்களால் அறிந்தனர். நியூட்ரான் மின்னேற்றமற்ற துகள். ஆயினும் அதுவும் நுண்காந்தமாதலின், பொருளினூடே செல்லுங்கால் அணுக்களின் காந்த ஒழுங்குக்கேற்பச் சிதறுகின்றது. அச்சிதறலை அளந்து உள்ளமைந்த கோடுகளை அறிஞர் வரைந்தனர். இக்காந்தத்தின் வலிமை சிறிது என்பதும் புலனாயிற்று. தூய இரும்பில் அணுவொன்றன் காந்த வலிமை போர் மாக்னடான் என்னும் அளவையால் 2.2 ஆகும், பேரியமும் ஆர்ஸெனிக்கும் கூடிய இரும்புச் சேர்மத்தில் அது 0.87 அளவேயாம்.

இவ்வொழுங்கின் காரணம் குறித்துப் பலரும் கொள்ளும் விளக்கம் பின்வருமாறு: இச்சேர்மங்களில் மின்சாரத்தைச் சுமப்பன இருவகைக் கூட்டத்தின. ஒன்று எலெக்ட்ரான்களின் கூட்டம். மற்றொன்று எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களின் கூட்டம். இவ்வெற்றிடங்களைத் துளைகள் என்பர். கலப்புறாத நிலையில் இவ்விரு கூட்டங்களும் அளவால் ஏறக்குறைய ஒத்திருக்கின்றன. செப்பும் மூடியும் போல ஒன்றோடொன்று பொருந்துதலின், அவை எளிதிற் கைகோத்து மேற்கூறிய கோட்டொழுங்கைத் தோற்றுவிக்கின்றன. இரும்பணுக்களில் நிலைத்து நிற்கும் காந்தமும் இதிற் பங்குகொள்ளும் என்பாரும் உளர். இரண்டும் கலந்ததே உண்மை என்பதே இன்று பெரும்பாலோர் துணிபு.

இனி, கலப்பின் செயலைக் காண்பாம். ஒரு குடம் பாலைச் சிறிது பிரைமோர் தயிராக்குதலை நாம் நாடோறும் காண்கின்றோம். சிற்றளவான பொருள் பேரளவான பொருளின் இயல்பை மாற்றுதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் பிரைமோர் பாலிற் பரவிப் பெருகுவது. ஈண்டுக் கூறப்படும் கலப்போ அங்ஙனம் பெருகுவதன்று. ஓரணுவின் இருக்கையில் மற்றோரணுவை அமர்த்துதலே அதன் தன்மை. எவ்வணுவை எவ்விருக்கையில் எத்துணை அமர்த்துகின்றோம் என்பதே பயனை வரையறுக்கும். நன்கு ஆராயப்பட்ட பேரியச் சேர்மத்தைக் கொண்டு மூவகைக் கலப்பை விளக்கலாம். கலப்புறாத அச்சேர்மத்தின் காந்த ஒழுங்கு ஏறக்குறைய 140 கெல்வினில் தோன்றுவது.

முதல் வகை, எலெக்ட்ரானை மிகுவிப்பது. இரும்பின் இருக்கையிற் கோபால்ட்டை அமர்த்தினால், இரும்பைவிட ஓர் எலெக்ட்ரான் மிகையாக உடைய அது அம்மிகையைத் தளத்துக்கு ஈகின்றது. லாந்தனச் சேர்மத்திற் பிராணவாயுவின் இருக்கையில் அமரும் புளோரினும் இவ்வேலையையே செய்கின்றது. எலெக்ட்ரான் கூட்டம் பெருக, துளைக் கூட்டம் சுருங்குகின்றது. மூடி செப்புக்குப் பொருந்தாது போகின்றது. காந்த ஒழுங்கு தோன்றும் வெப்பநிலை படிப்படியாகத் தாழ்கின்றது. நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கு கோபால்ட் கலந்தவிடத்துக் காந்த ஒழுங்கு ஏறக்குறைய ஒடுங்க, மீக்கடத்தல் 23 கெல்வின் அளவில் தன் உச்சியை எய்துகின்றது.

இரண்டாம் வகை, துளைகளை மிகுவிப்பது. பேரியத்தின் இருக்கையிற் பொட்டாசியத்தை அமர்த்தினால், அது பேரியத்தைவிட ஓர் எலெக்ட்ரானைக் குறைவாகவே அளிக்கும். இங்கும் பொருத்தம் குலைகின்றது, ஆனால் எதிர்ப்பக்கமாக. நூற்றுக்கு 40 பங்கு பொட்டாசியம் கலந்தவிடத்து மீக்கடத்தல் 38 கெல்வினில் தோன்றுகின்றது. மூன்றாம் வகையில் எலெக்ட்ரான் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆர்ஸெனிக்கின் இருக்கையில் அதன் இனத்ததும் உருவிற் சிறியதுமான பாஸ்பரஸை அமர்த்துகின்றனர். தளம் சிறிது நெருங்க, எலெக்ட்ரான்கள் முன்னினும் எளிதிற் பரவி ஓடுகின்றன, கூட்டங்களின் வடிவமும் மாறுகின்றது, காந்தம் தளர்கின்றது. நூற்றுக்கு 30 பங்கு அளவில் மீக்கடத்தல் ஏறக்குறைய 30 கெல்வினை எட்டுகின்றது.

இம்மூன்றும் வேறுவேறு வழிகளே எனினும், போய்ச் சேரும் இடம் ஒன்றே என்பது நோக்கத்தக்கது. கலப்பு மிகுந்தோறும் காந்த ஒழுங்கு சரிவதும், அது சரியும் இடத்தை அடுத்து மீக்கடத்தல் குன்றுபோல் எழுந்து பின் தாழ்வதும் மூன்றிலும் காணப்படுகின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இங்கும் பொருந்தும். பேரியம் முற்றும் நீங்கிப் பொட்டாசியமே நிறைந்த சேர்மம் 4 கெல்வினுக்குங் கீழேதான் மீக்கடத்துகின்றது.

இதனைக் கண்டு, "காந்தம் பகை, கலப்பு அப்பகையைத் துரத்தியது, மீக்கடத்தல் அரசு கொண்டது" என்று முடிவு கூற ஒருவர் விரும்பலாம். அம்முடிவுக்குத் துணையான சான்றும் உண்டு. கோபால்ட் நூற்றுக்கு 4.7 பங்கு கலந்த பேரியச் சேர்மத்திற் காந்த ஒழுங்கு 47 கெல்வினிலும், மீக்கடத்தல் 17 கெல்வினிலும் தோன்றி, இரண்டும் ஒரே பொருளில் உடனுறைகின்றன. ஆயினும் அவ்வுறைவு நட்புடையதன்று. 17 கெல்வினுக்குக் கீழே குளிர்விக்கக் குளிர்விக்கக் காந்த ஒழுங்கு வலி குன்றுவதை 2009-ஆம் ஆண்டில் நியூட்ரான் சோதனை காட்டிற்று. ஒரே எலெக்ட்ரான்களை இரண்டும் வேண்டி நிற்றலின், ஒன்று பெறுவது மற்றொன்றற்கு இழப்பாகின்றது. புளோரின் கலந்த லாந்தனச் சேர்மத்திலோ உடனுறைவே இல்லை. காந்தம் திடுமென மறைந்தவிடத்து மீக்கடத்தல் தோன்றுகின்றது.

ஆயினும் பகை என்று மட்டும் கூறி அமைதற்கு மூன்று தடைகள் உள. முதலாவது, காந்த ஒழுங்கைத் தளர்த்துவன யாவும் மீக்கடத்தலைத் தருவதில்லை. பேரியச் சேர்மத்தில் இரும்புக்கு மாறாகக் குரோமியத்தையோ மாங்கனீஸையோ கலந்தாலும் கோட்டொழுங்கு தளர்கின்றது. ஆனால் மீக்கடத்தல் பிறப்பதில்லை. மாங்கனீஸ் தனக்கே உரிய வலிய காந்தத்தோடு தளத்தில் நின்று வேறோர் ஒழுங்கை நாடுகின்றது. பகைவன் நீங்குதலே போதுமாயின், யார் நீக்கினும் பயன் ஒன்றாதல் வேண்டும், அங்ஙனம் இல்லை.

இரண்டாவது, ஒழுங்கு அழிந்தபின்னும் காந்தம் முற்றும் அழிவதில்லை. அணிவகுத்து நின்ற சேனை கலைந்தாலும் வீரர் மறைந்துவிடுவதில்லை அன்றோ? அதுபோல நிலைத்த ஒழுங்கு நீங்கியவிடத்தும், அக்கோட்டொழுங்கு கணத்துக்குக் கணம் தோன்றி மறையும் காந்த அலைவுகளாக எஞ்சி நிற்கின்றது. பொட்டாசியம் 40 பங்கு கலந்த சேர்மத்தை 2008-ஆம் ஆண்டில் நியூட்ரான்களால் ஆராய்ந்தபோது, மீக்கடத்தல் தொடங்கியவுடன் இவ்வலைவுகள் ஒரு குறித்த சக்தியில் திரண்டெழுதல் காணப்பட்டது. மீக்கடத்தலின் வரவை இவ்வலைவுகள் உணர்கின்றன என்பதற்கு இது தெளிந்த சான்று.

மூன்றாவது, அணுக்களின் அதிர்வு மட்டும் பசையாக நின்று இத்துணை உயர்ந்த எல்லையைத் தருதல் இச்சேர்மங்களில் அரிது என்பதைக் கணக்குகள் காட்டின. அதனால் மேசின் என்பாரும் அவரைச் சார்ந்தோரும், குரோக்கி என்பாரின் குழுவினரும் 2008-ஆம் ஆண்டிலேயே ஒரு கொள்கையை வெளியிட்டனர். எலெக்ட்ரான் கூட்டத்துக்கும் துளைக் கூட்டத்துக்கும் இடையே காந்த அலைவுகளே பசையாகின்றன என்பதும், அங்ஙனம் பிறக்கும் இணையலையின் குறி ஒரு கூட்டத்திற் கூட்டலாயின் மற்றதிற் கழித்தலாகும் என்பதும் அக்கொள்கையின் சாரம். மேலே கூறிய நியூட்ரான் சோதனை இதற்கு இயைவதாகும்.

இவற்றைச் சேர்த்து நோக்கின் கலப்பின் உண்மைத் தொழில் விளங்கும். அது காந்தத்தைக் கொல்லுவதன்று. நிலைத்து உறைந்த காந்தத்தை உருக்கி ஓடச் செய்வதாம். உறைந்து ஒழுங்காய் நிற்குங்கால் காந்தம் எலெக்ட்ரான்களைத் தன்வயப்படுத்திக் கொள்கின்றது. அலைவாய் உலவுங்கால் அவற்றை இணைக்கும் பசையாகின்றது. மிகையான கலப்பு அவ்வலைவுகளையும் தேய்த்துவிடுதலின் மீக்கடத்தலும் தேய்கின்றது. பாஸ்பரஸ் 30 பங்கு கலந்தவிடத்திற்றானே, முற்றிய குளிர்ச்சியிலும் காந்த ஒழுங்கு நிற்கவோ நீங்கவோ எனத் தள்ளாடும் எல்லைப்புள்ளியின் அடையாளங்களை 2012-ஆம் ஆண்டு வெளிவந்த சோதனை காட்டியமை இக்கருத்தை வலியுறுத்துகின்றது.

எனினும் வழக்கு முற்றிலும் தீர்ந்தது என்று கூறல் ஒல்லாது. இரும்பும் செலீனியமும் மட்டும் கூடிய எளிய சேர்மம் கலப்பின்றியே 8 கெல்வின் அளவில் மீக்கடத்துகின்றது. ஏறக்குறைய 90 கெல்வினில் அதன் சதுரக் கட்டங்கள் கோணுகின்றன. ஆனால் காந்த ஒழுங்கு தோன்றுவதில்லை. ஆதலின் காந்தமன்று, எலெக்ட்ரான்கள் ஒரு திசையை மட்டும் விரும்பும் இக்கோணலின் அலைவுகளே மூலம் என்பாரும் உளர். மற்றொருபால், அதே சேர்மத்தை அழுத்தும்போது காந்த ஒழுங்கு வெளிப்படுதலும், மேலும் அழுத்த மீக்கடத்தல் 37 கெல்வின் வரை உயர்தலும் காணப்பட்டுள. லாந்தனச் சேர்மத்திற் புளோரினுக்கு மாறாக ஹைட்ரஜனைப் பேரளவிற் கலந்தபோது, மீக்கடத்தற் குன்று இரண்டாகப் பிரிந்தமையும், அதன் மறுபக்கத்தில் வேறொரு காந்த ஒழுங்கு நின்றமையும் 2012 முதல் 2014 வரை நிகழ்ந்த சோதனைகளால் தெரியவந்தன. இருமருங்கும் காந்தம் நிற்க, நடுவே மீக்கடத்தல் விளைகின்றது என்பது சிந்திக்கத்தக்கதன்றோ?

இவ்வாராய்ச்சியால் உலகுக்கு வரும் பயன் யாது எனின், அதுவும் சிறிதன்று. மருத்துவமனைகளில் உடலின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் காந்தக் கருவிகள் பலவும், நியோபியம், டைட்டானியம் என்னும் உலோகங்களின் கலவையாலாகிய மீக்கடத்திச் சுருள்களைக் கொண்டவை. அவற்றைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் வேண்டும். அதுவோ அரிதும் விலைமிக்கதும் ஆகும். மலிவான திரவ நைட்ரஜன் கொதிக்கும் 77 கெல்வினை இரும்புச் சேர்மங்களின் கட்டிப் பொருள்கள் இன்னும் எட்டவில்லை. ஆயினும் வலிய காந்தப் புலத்திலும் தம் இயல்பை இழவாமை அவற்றின் சிறப்பு. 2016-ஆம் ஆண்டில் சீன தேசத்தில் நூறு மீட்டர் நீளக் கம்பியாகவும் அவற்றை இழுத்துள்ளனர். ஆர்ஸெனிக் நஞ்சாதலின் அதனைக் கையாளுவதில் மிக்க எச்சரிக்கை வேண்டும். இவற்றினும் பெரிய பயன் ஒன்று உண்டு. காந்த அலைவு பசையாகும் என்பது ஐயமின்றி நிறுவப்படுமாயின், எப்பொருளில் எதனை எத்துணைக் கலப்பின் எல்லை உயரும் என்பதைத் தேடியலையாது கருதி ஆக்குதற்கு வழி பிறக்கும்.

இதுகாறும் கூறியவாற்றான், இரும்புச் சேர்மங்களிற் கலப்பானது காந்த ஒழுங்கைத் தளர்த்துகின்றது என்பதும், தளர்ந்த காந்தம் அலைவாய் எஞ்சி மீக்கடத்தலுக்குத் துணைசெய்தல் கூடும் என்பதும், தளர்ச்சி மட்டும் போதாது, அதன் முறையும் அளவும் இன்றியமையாதன என்பதும் பெறப்பட்டன. இரும்பை விலக்குக என்னும் விதி ஒரு நிலையிற் கண்ட உண்மையை எந்நிலைக்கும் உரியதாக்கியது. அதனாற் பல்லாண்டுகள் இக்கதவு தட்டப்படாமலே கிடந்தது. முன்னோர் வகுத்த விதி எவ்வெல்லைக்குள் மெய்யாகும் என்று வினவுதல் அவர்களை இகழ்தலாகாது. அவ்வினாவே இரும்பினிடத்து இப்புதுமையைக் காட்டிற்று. இன்னும் பல பொருள்களிடத்தும் அது காட்டும் என்று நம்பலாம்.